கண்ணாடி வச்ச பெட்டி

பிளக் பாயிண்ட் எங்கே என்று தேடி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றான் சக்திகுமார். அவனுக்குப் பின்னால், பெஞ்சில் விரித்த போர்வையில், அவனுடைய அக்கா புருஷனான காசிராஜன் அத்தான் கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் எழுந்து, "நெஞ்சு கரிக்குது, கொஞ்சம் சுடுதண்ணி வையி" என்று மனைவியிடம் சொன்னவர், தண்ணீர் சுடுவதற்குள் போய்விட்டார்.

ஃப்ரீசர் பெட்டிக்குப் பெரிய பிளக் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துக்க வீட்டில் சக்திகுமாருக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரே வேலை அந்தப் பெட்டிதான். பந்தல், நாற்காலி, விறகு, ஊர் ஊராகச் சாவுச் சேதி, கேதம், சொல்லி அனுப்புவது எல்லாம் பொறுப்பான ஆட்களுக்குப் போயிருந்தன. சக்திகுமார் கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, "வாங்கக்கா, எடுக்காட்டாலும் பரவால்ல, ஃபேனுக்கு அடியில நின்னுட்டுப் போங்கக்கா" என்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுகிறவன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவனை நம்பி எந்த ஊரிலும் விறகு வாங்க அனுப்புவதில்லை.

பிளக் பாயிண்ட் மேஜைக்குக் கீழே இருந்தது. புத்தம் புதிது, வெள்ளை. அத்தான் போன மாதம் கம்ப்யூட்டருக்காகப் போட்டது.

காசிராஜன் கழுகுமலை ரோட்டில் மினி பஸ் ஓட்டியவர். சர்க்கரை ஏறி ஒரு கண் மங்கியதும் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த மனிதர், சாப்பிடும்போதுகூட இடது காலால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார். புனேயில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் காவியா லீவுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, போனில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். மங்கிய கண்ணுக்குப் போன் பத்தவில்லை. "பெரிய ஸ்கிரீன்ல ஓட்டுனா நல்லாருக்கும் தாயி" என்றார். அப்படி ஆரம்பித்தது.

மொத்தமாகச் செய்து விற்கிற கம்ப்யூட்டர் வேண்டாம், சாமான்களைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தால் அதே காசுக்கு நல்லதாக வரும் என்றாள் காவியா. கோவில்பட்டியில் ஹிதாயத்துல்லா பாய் கடை. சக்திகுமார்தான் அத்தானை பைக்கில் கூட்டிக்கொண்டு போவான். பாய் ஒவ்வொரு சாமானாகக் கண்ணாடி மேஜை மேல் எடுத்து வைப்பார். காவியா வீடியோவில் புனேயிலிருந்து எட்டிப் பார்ப்பாள். பெண் பார்க்கப் போன மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் அத்தானிடம் ஒரு பஸ் நியாயம் இருந்தது. மெமரிக்குப் போடுகிற ராமை ஒன்றாகப் போடுவதைவிட இரண்டு சின்னதாகப் போட்டால் வேகம் என்றார் பாய். "பின்ன? ஒத்த டயர்ல லோடு ஏத்துவானா?" என்றார் அத்தான். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று சல்லிசாக வந்தபோது, "ராத்திரி பகலா ஓடித் தேஞ்ச வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்திருக்கான், வேண்டாம்" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு சொல்லிவிட்டார். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். பாய் விடவில்லை.

"அண்ணாச்சி, இதுல மட்டும் கஞ்சம் பிடிக்காதீய. மத்த எது போனாலும் அது மட்டும்தான் போகும். இது போனா ஒரு நிமிசத்துல எல்லாத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும்."

"ஹார்ட் அட்டாக் மாதிரின்னு சொல்லுங்க பாய்" என்றான் சக்திகுமார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான்தான் அதிகம் சிரித்தார்.

கடைசியில் பாக்கி இருந்தது கேபினெட். சாமான்களையெல்லாம் உள்ளே வைக்கிற பெட்டி. அத்தான் படத்தில் பார்த்தவுடன் ஒன்றில் கையை வைத்துவிட்டார். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக எரிகிற லைட்டு.

"அப்பா, அது வெறும் தகரம். அந்தக் காச கார்டுல போட்டா கேம் நல்லா ஓடும்" என்றாள் காவியா.

"பஸ்ஸும் தகரம்தான் தாயி. உள்ள எஞ்சின் என்னன்னு எந்த பாசஞ்சர் குனிஞ்சு பாக்கான்? வெளிய லைட்டு எரிஞ்சாத்தான் ஏறுவான்."

"உங்க பஸ்ல ஏறுததுக்கு இனிமே யாருப்பா வரப் போறா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்னபிறகு அவளே போனுக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் போனைச் சக்திகுமாரிடம் கொடுத்துவிட்டு, "பாய், கண்ணாடி வச்சதே வரச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் மகளிடம் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. போன் வந்தால் எடுத்து மனைவி வேலுத்தாயிடம் கொடுத்துவிடுவார். காவியா மாமாவைக் கூப்பிட்டு, "அப்பா ஏதும் சொன்னாவளா?" என்று கேட்பாள். "பெட்டி வரட்டும். லைட்டப் போட்டுப் பாத்துட்டா அவரே கூப்பிடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் சக்திகுமார்.

இன்று காலையில் அழைத்துச் சொன்னபோது அவள் அழவில்லை. "மாமா, சென்னை வந்து தூத்துக்குடிக்கு ஃப்ளைட் மாறணும். சாயங்காலம் ஆயிரும். நான் வாரதுக்குள்ள எடுத்துராதீய மாமா" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

அதனால்தான் பெட்டி. சித்திரை வெயிலில் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே உயிருள்ளவர்களே வெந்துகொண்டிருந்தார்கள்.

கோவில்பட்டியில் ஃப்ரீசர் வைத்திருந்தவன், "ஒரு பெட்டி வெளிய இருக்கு, திரும்பி வந்ததும் கூப்பிடுதேன்" என்று சொல்லியிருந்தான். சக்திகுமாரின் போனில் சார்ஜ் இல்லை. அத்தானின் நம்பரைக் கொடுத்திருந்தான். கொட்டுக்காரர்கள் வாசலில் தோலைச் சூடு காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தானின் போன் அடித்தது.

"அண்ணாச்சி, பெட்டி வந்துட்டு."

யார் என்று திரையைப் பார்க்காமலே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டா? அனுப்பிருங்க" என்றான்.

"வீட்டுக்கேவா? நேர்ல வந்து பாத்து எடுப்பியன்னு நெனச்சேன்."

"இனிமே பாக்க என்ன இருக்கு? சீக்கிரம் அனுப்புங்க."

"நீங்க கேட்ட மாதிரியே கண்ணாடி வச்சது. உள்ள லைட்டு இருக்கு. மூணு ஃபேனு. எவ்வளவு நேரம் ஓடுனாலும் சூடு ஏறாது."

"நீளம் பத்துமா?"

"தாராளமா. எவ்வளவு நீட்டுன்னாலும் படுக்கும். நான் டேப் வச்சு அளந்துட்டுத்தான் பேசுதேன்."

யாரை, எப்போது வந்து அளந்தான் என்று சக்திகுமார் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஃப்ரீசர்காரனுக்கு என்ன தொழில்பக்தி என்று நெஞ்சு நெகிழ்ந்துபோய் போனை வைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு அழைப்பு.

"ஃப்ரீசர் பெட்டி கேட்டியள்ல? இப்ப ஃப்ரீயாயிட்டு. அனுப்பவா?"

"அதான் அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டாவளே?"

"யாரு சொன்னா? வேற எடத்துல பிடிச்சிட்டியளா? சரி, எட்டயபுரத்துல ஒரு கேதம், கேட்டுக்கிட்டே இருக்காவ. அங்கன அனுப்பிருதேன்."

"அனுப்புங்க, அனுப்புங்க. பாவம், அவியளும் வெயில்ல கெடப்பாவ" என்றான் சக்திகுமார். வாழ்க்கையில் இவ்வளவு தாராளமாக அவன் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் பந்தலில் இருந்த ஒருவர், "பெட்டி வந்துட்டு!" என்று சத்தம் கொடுத்தார். அதுவரை முனகலாக இருந்த பெண்களின் அழுகை ஒரே வீச்சில் எழுந்தது. நாற்காலிகளை ஒதுக்கினார்கள். நான்கு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கத் தயாராகப் போனார்கள். ஆட்டோக்காரர் பின்சீட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை ஒற்றை ஆளாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார். அட்டையின் மேல் வாயைப் பிளந்த ஒரு புலி, கண்ணில் பச்சை வெளிச்சத்தோடு.

அத்தானின் மூத்த அண்ணன் இசக்கியப்பன் குனிந்து பார்த்தார். அந்த வீட்டில் இப்போது அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்ன மாப்ளே இது? தலைய மட்டுமா வைக்கணும்?"

பந்தலின் ஓரத்தில் எவனோ சிரித்துவிட்டான். சிரிப்பைத் தும்மலாக மாற்றப் பார்த்து, முடியாமல், எழுந்து தெருவுக்கு ஓடினான். வேலுத்தாய்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவிய பெட்டிலா இது" என்றாள். "எப்ப வரும் எப்ப வரும்னு நேத்து ராத்திரி வரைக்கும் கேட்டாவளே."

காலையிலிருந்து முறைக்கு அழுதுகொண்டிருந்தவள், அப்போதுதான் உண்மையாகவே அழுதாள்.

எட்டயபுரத்துக்குப் போன பெட்டியைத் திருப்பிக் கேட்க முடியுமா? அதற்குள் ஆள் படுத்தாகிவிட்டது. கழுகுமலையில் இருந்த ஒன்று ரிப்பேர். ஆட்டோக்காரர் சொல்லி விஷயம் தெரிந்து, ஹிதாயத்துல்லா பாய் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை. அண்ணாச்சிதான் பேசுதாவன்னு நெனச்சுட்டேன்" என்று சக்திகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நீட்டுன்னாலும் படுக்கும்னு சொன்னேனே. கம்ப்யூட்டருக்குள்ள படுக்க வைக்கிற கார்டச் சொன்னேன் தம்பி. அல்லா, நான் கார்டச் சொன்னேன்."

"எனக்கும் புத்தி வேணும்லா பாய்? ஃபேன் வச்ச ஃப்ரீசர எவனாவது பாத்திருக்கானா?"

பாய் தனக்குத் தெரிந்த மீன்காரரைப் பிடித்து ஒரு லோடு ஐஸ் பார் கொண்டுவரச் சொன்னார். சாக்கில் சுற்றி, பெஞ்சுக்குக் கீழேயும் இரு பக்கமும் அடுக்கினார்கள். ஐஸில் லேசாக மீன்வாடை இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. உச்சி வெயிலில் தண்ணீர் நடைவாசலைத் தாண்டி ஓடியது. உட்கார்ந்திருந்த பெண்களின் சேலையெல்லாம் நனைந்தது.

பகல் சாய ஆரம்பித்தபோது இசக்கியப்பன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தாங்காது. வெயில் தாழ எடுத்துருவோம்."

"பெரியத்தான், காவியா சென்னைக்கு வந்துட்டா. தூத்துக்குடி ஃப்ளைட்டு கொஞ்சம் லேட்டாம். வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துருவா."

"வெளக்கு வச்ச பெறகு எவன்லே காட்டுக்குத் தூக்குவான்? அவ என்ன கொள்ளியா வைக்கப் போறா? கொள்ளி வைக்க எம்மவன் இருக்கான். இந்தக் கோலத்துல பாக்காம இருக்கதே அந்தப் பிள்ளைக்கு நல்லது."

"ஒரே பிள்ள பெரியத்தான். நான் உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"காலையில நீ ஒழுங்கா பெட்டி கொண்டாந்திருந்தா, இப்ப எதுக்குல கால்ல விழணும்?"

சக்திகுமார் அங்கேயே நின்றான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஆட்கள் கிளம்பினார்கள். பாடைத் தேர் கட்டுகிறவன் தென்னங்கீற்றை முடைந்து முடிக்கப் போகிறான். கெஞ்சினால் ஒரு நாழிகூடக் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் இந்தக் கரிசல் பக்கத்தில் கெஞ்சுகிறவனுக்கு இரங்காத ஆட்கள், முறை கேட்கிறவனுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில்தான், பைக்கில் மாட்டியிருந்த ஜவுளிக்கடைப் பை அவன் கண்ணில் பட்டது. முதலாளி கொடுத்தனுப்பிய கோடித்துணி. செத்தவரின் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்து மேலே விழாமல் உடம்பு வாசல் தாண்டாது. அம்மா அப்பா இல்லாத அந்தப் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். அங்கே பஸ் ஸ்டாப் பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான்.

குளிப்பாட்டி முடித்து, "கோடி போடுதவிய வாங்க" என்று கூப்பிட்டபோது ஆள் இல்லை. தேடி வந்தவனிடம் சொன்னான்:

"நான் பொண்ணு வீட்டுக்காரன். எங்கள முறையா கொட்டு வச்சு எதிர்கொண்டு கூப்பிட்டியளா? காலையிலேர்ந்து எச்சில் இலை எடுக்கவன் மாதிரி பிளக்கு தேட விட்டிருக்கிய. கொட்டு வரட்டும். ஊர்ப் பெரியாளுக வரட்டும். கோடி அப்பறம் வரும்."

சொல்லும்போதே தன் குரல் தனக்கு அந்நியமாகக் கேட்டது. கடைவாசலில் பேசும்போது கையில் ஒரு சேலையாவது இருக்கும். இப்போது கக்கத்தில் கோடி.

செய்தி பந்தலுக்குப் போய்த் திரும்பி வந்தது. முதலில் சமாதானத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். "குடிச்சிருக்கியால?" என்று மோந்து பார்த்தார்கள். "இல்ல. குடிச்சவன்னா நீங்க மன்னிச்சிருவிய" என்றான். பிறகு இசக்கியப்பனே வந்தார். பின்னால் பாதி ஊர் வந்தது.

"ஜவுளிக்கட வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூவுத பயலுக்கு, கொட்டு வச்சு வாங்கன்னு கூப்பிடணுமோ?"

"ஆமா."

"எந்தம்பி அங்கன கெடக்கான். ஒனக்கு மரியாதை கேக்கா?"

"கேக்கு."

அடி கன்னத்தில் விழுந்தது. கூட்டத்தில் யாரும் தடுக்கவில்லை. சக்திகுமார் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். தெருவுக்கு வெளியே கோவில்பட்டி ரோடு காலியாக நீண்டிருந்தது. ஒரு டிராக்டர் போனது. பிறகு ஆடுகள்.

கடைசியில் வேலுத்தாய் வந்தாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தலையில் பூ இருந்தது, இன்றைக்கு மட்டும் இருக்கிற பூ. அவள் சத்தம் போடவில்லை.

"தம்பி, ஒங்கத்தான் மேல ஈ மொய்க்குது. நீ இங்க வந்து மரியாதைக்கு உக்காந்திருக்கியா?"

அவன் வாயைத் திறந்தான். அக்காவின் பக்கத்திலேயே இசக்கியப்பன் நின்றுகொண்டிருந்தார். காவியா என்று ஒரு சொல் வெளியே வந்தால், முறை கேட்டது மறுபடியும் கெஞ்சலாகிவிடும். கோடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"கொட்டு வரட்டும்க்கா" என்றான்.

வேலுத்தாய் அவனைப் பார்த்தாள். பிறகு தெருவில், அவன் காலடியில் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கொட்டு வந்தது. வேண்டாவெறுப்பாக, தாளமே இல்லாமல் வந்தது. சக்திகுமார் எழுந்தான். ஒரு செருப்பைக் காணவில்லை என்று கொஞ்சம் தேடினான். பிறகு பையிலிருந்து வேட்டியையும் சேலையையும் எடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொன்னான். தட்டு இல்லை, போய்க் கொண்டுவந்தார்கள். வெற்றிலை வேண்டும் என்றான். கொட்டுக்காரர்களில் வயதானவர் அவனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, அடியை மெதுவாக்கினார். மற்றவர்களும் மெதுவாக்கினார்கள். சாமி ஊர்வலம் போல அந்தக் குறுகிய தெருவில் கோடி நகர்ந்தது.

வாசலுக்கு வந்து, வேட்டியை அத்தானின் மேல் விரித்து, நெஞ்சில் ஒரு சுருக்கத்தை அவன் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கூட்டம் திரும்பியது. அவன் திரும்பவில்லை. ஒதுங்கி, சுவரோரம் போய்விட்டான்.

காவியா ஷூவைக்கூடக் கழற்றாமல் ஈரத்தில் ஓடிவந்து முழங்காலிட்டாள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை மேலே தள்ளி, முகத்தை முழுதாகப் பார்த்தாள். அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தத்தில் ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. இசக்கியப்பன் தேர் தூக்குகிறவர்களைப் பார்த்துக் கை காட்டி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

அவள் எழுந்தபோது சுற்றிலும் பார்த்து, "மாமா எங்க?" என்றாள்.

"அவன் பேச்ச எடுக்காத" என்றாள் வேலுத்தாய்.

தேர் கிளம்பும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. தோள் கொடுக்கப் போன சக்திகுமாரின் கையை இசக்கியப்பனின் மகன் எடுத்துவிட்டான். பெண்கள் தெருமுனையில் நின்றுகொண்டார்கள். அவர்களைத் தாண்டும்போது காவியா அவனை நோக்கி ஒரு அடி வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். அவன் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடங்களைக் காவியா பார்த்தாள். அவன் சும்மா தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் கடைசி ஆளாக, ஒற்றைச் செருப்போடு நடந்தான்.

ரோட்டில் ஏறியதும் பின்னால் கழுகுமலையிலிருந்து வந்த மினி பஸ் நின்றது. டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. முந்திப் போக இடம் இருந்தும் போகவில்லை. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், ஹெட்லைட்டை எரியவிட்டபடி பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான். வெளிச்சம் சக்திகுமாரின் முதுகில் விழுந்தது. அவனுடைய நிழல் ரோட்டில் நீண்டு, முன்னால் போகிறவர்களின் கால்களையெல்லாம் கடந்து, தேருக்கு அடியில் போய்ச் சேர்ந்துகொண்டது.

அவன் வெளிச்சத்தை விட்டு விலகாமல் நடந்தான்.